சர்க்கரைச் சட்டை போட்ட கிருமி

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி அழைத்தார். ஊரை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார். எனக்கும் அந்தப் பேர்தான் வாயில் வருகிறது.

"தம்பி, திங்கட்கிழமை செம்பனைக்கு மருந்து அடிக்கப் போறாங்களாம். கேட்டா மருந்து இல்லையாம், கிருமியாம். கிருமியைப் போய் யாராச்சும் தெளிப்பாங்களா?"

அவருடைய மகன் ஷா ஆலாமில் வேலை பார்க்கிறார். அவர் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஆந்த்ராக்ஸ் கிருமிக்குக் கூடப்பிறந்தது" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விடலாமா என்பதுதான் அக்காவின் கேள்வி.

சாதாரணமாகப் பயப்படுகிறவர் இல்லை அவர். 19 வருடம் முதுகில் டிங்கியைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர். அதனால் ஏற்பட்ட பயம் இது. நகம் கழன்று விழுந்ததை, மூக்கில் ரத்தம் வந்ததை, "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்று அந்தக் காலத்தில் சொல்லப்பட்டதை எல்லாம் அவர் மறக்கவில்லை. இப்போது இன்னொருவர் வந்து "ஒண்ணும் செய்யாது" என்றால் நம்புவாரா?

மகன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதி மட்டும்தான் சொன்னார். மீதிப் பாதியைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புழு. மலாயில் உலாட் புங்குஸ் என்பார்கள், பொட்டலப் புழு. செம்பனை ஓலையைக் கடித்து, துண்டுகளைப் பட்டு நூலால் கோத்து ஒரு பை செய்து, அந்தப் பைக்குள்ளேயே குடியிருந்துகொண்டு தலையை மட்டும் நீட்டித் தின்னும். பெண்ணுக்குச் சிறகே கிடையாது. தான் செய்த பைக்குள்ளேயே வளர்ந்து, கூடி, முட்டையிட்டு, அங்கேயே செத்தும் போகும். குஞ்சுகள் நூலில் தொங்கி, காற்றடிக்கும்போது பக்கத்து மரத்துக்குப் பறக்கும். ஓலையில் பத்தில் ஒரு பங்கு போனாலே அடுத்து வரும் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு குறையக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். 2013-இல் அரசாங்கம் இதை ஆபத்தான பூச்சி என்று அரசிதழில் அறிவித்தது. அதன் பிறகு, சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருப்பவர்கூட "என் மரம், என் விருப்பம்" என்று சும்மா இருக்க முடியாது.

நம் பக்கத்துக்கும் இந்த மரத்துக்கும் உள்ள உறவு பழையது. மலாயாவில் வணிகத்துக்கென்று செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், இதே பத்தாங் பெர்ஜுந்தையில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில். பேரே காதில் தமிழாக விழுகிறது, இல்லையா? நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் மலாயா வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். குழி வெட்டியவர்களுக்குப் பரிசு எதுவும் வரவில்லை.

1950களிலும் 60களிலும் தோட்டங்களில் டி.டி.டி., டீல்ட்ரின், எண்ட்ரின் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் அடித்தார்கள். பொட்டலப் புழு குறைய வேண்டும் அல்லவா? கூடியது. புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னக் குளவிகள் மருந்தில் செத்தன. புழு பைக்குள் பத்திரமாக இருந்தது. பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் இதைக் கண்டுபிடித்து எழுதினார். மருந்தை நிறுத்திய இடங்களில் புழு தானாக அடங்கியது. இன்று தோட்டப் பாதை ஓரங்களில், காலையில் மலர்ந்து மதியம் வாடும் டர்னெரா செடியை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைத்தால் தவறு. அந்தக் குளவிகளுக்குத் தேன் வேண்டும், அதற்காக நட்டது.

பிறகு அடிமரத்தில் துளை போட்டு மோனோகுரோட்டோபாஸ் போன்ற கடும் நஞ்சை ஊற்றும் முறை வந்தது. அக்கா அடித்த பாராகுவாட் புழுவுக்கானது அல்ல, புல்லுக்கானது. அதன் கதையும் தெரிந்ததே. தெனாகானித்தா அமைப்பு 2002-இல் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த தடை 2006-இல் தளர்ந்தது. முழுத் தடை 1 ஜனவரி 2020-இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பெண்கள் அந்த வேலையில் ஓய்ந்துபோனார்கள்!

இந்தப் பின்னணியில்தான் பி.டி. வருகிறது. முழுப்பேர் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர், பட்டுப்புழுக்கள் ஏன் திடீரென்று சாகின்றன என்று தேடும்போது கண்டது. 1911-இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவுப் பூச்சியிலிருந்து பெர்லினர் மறுபடி பிரித்தெடுத்தார். பேரும் அந்த ஊரால் வந்தது. 1938-லேயே பிரான்சில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நம் நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு வகையை வளர்த்து எக்கோபேக்-1 என்று தயாரித்திருக்கிறது.

இது வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. இந்தக் கிருமி சாப்பாடு தீர்ந்துபோனால் வித்தாக மாறிவிடும். விதை நெல்லை எடுத்துக் கட்டிவைப்பதுபோல, தன் உயிர்ச்சரக்கை மட்டும் ஒரு கெட்டி உறைக்குள் மூடிவைத்துவிட்டு மற்ற உடம்பை விட்டுவிடும். அப்படி வித்து கட்டும்போது பக்கத்தில் ஒரு புரதப் படிகத்தையும் செய்து வைக்கிறது. புழு ஓலையோடு அந்தப் படிகத்தைத் தின்கிறது. புழுவின் குடல் கடும் காரத்தன்மை உடையது, அதில் படிகம் கரைகிறது. கரைந்த புரதம் குடல் சுவரில் உள்ள ஒரு குறிப்பிட்ட பூட்டில் சாவிபோல் பொருந்தி ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திவிடும், சில நாட்களில் சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் பூட்டும் நம்மிடம் இல்லை. செம்பனைப் பூவில் மகரந்தம் சுமக்கும் வண்டு, 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்தார்களே, அதற்கும் இது ஆகாதது அல்ல. கம்போங் குவாந்தானில் படகில் போய்ப் பார்க்கிறோமே மின்மினி, அதுவும் வண்டினம்தான். புழுவுக்கென்று தெளிக்கும் வகை, வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிக் குடும்பத்துப் புழுக்களைத்தான் குறிவைக்கிறது. ஒரு குறை உண்டு. புழு தின்றால்தான் வேலை செய்யும், வெயில் பட்டால் சில நாட்களில் வீரியம் போய்விடும். அதனால் புழு குஞ்சாக இருக்கும் வாரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். தேதி தவறினால் காசு வீண்.

சரி, ஆந்த்ராக்ஸ் உறவு?

ஆந்த்ராக்ஸ் என்றால் நம் ஆட்களுக்குப் புரியாது. அடைப்பான் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர். மாடு திடீரென்று விழுந்து, வயிறு உப்பி, மூக்கிலும் வாயிலும் உறையாத ரத்தம் வந்தால், அதை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்பார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. காரணம் இதுதான்: செத்த உடம்புக்குள் அடைபட்டிருக்கும் கிருமி, அறுத்ததும் காற்றுப் பட்டு வித்து கட்டத் தொடங்கும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் இரண்டாம் உலகப் போரின்போது ஆந்த்ராக்ஸ் குண்டைச் சோதித்துப் பார்த்தார்கள். 1986-இல் ஃபார்மால்டிஹைட் ஊற்றிக் கழுவி, 1990-இல்தான் அந்தத் தீவுக்குள் மனிதரை விட்டார்கள். அதே வட ஆற்காட்டின் இராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய கால்நடை நிலையம் அடைப்பானுக்குத் தடுப்பூசி செய்கிறது. தாத்தாவின் ஊருக்கும் அந்த நோய்க்கும் அவ்வளவு நெருக்கம்.

ஆந்த்ராக்ஸ், பி.டி., மூன்றாவதாக பாசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று. இந்த மூன்றையும் 2000-இல் நார்வே ஆய்வாளர்கள் மரபணுவை வைத்து ஒப்பிட்டுவிட்டு, இவை மூன்று இனமல்ல, ஒரே இனம் என்றே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் ஒன்று மாட்டைக் கொல்வதும் இன்னொன்று புழுவை மட்டும் கொல்வதும் எப்படி? முதன்மை மரபணு ஏறத்தாழ ஒன்று. அதற்கு வெளியே, தனியாகச் சின்னச் சின்ன டி.என்.ஏ. வளையங்கள் உண்டு. ஆந்த்ராக்ஸிடம் இரண்டு வளையங்கள்: ஒன்றில் நஞ்சு, மற்றொன்றில் நம் உடம்பின் காவல்படையிடமிருந்து ஒளிந்துகொள்ளும் போர்வை. பி.டி.யின் வளையத்தில் இருப்பது படிகம். ஒரே வீட்டில் பிறந்த மூன்று பேர். ஒருவன் சட்டைப் பையில் கத்தி, இன்னொருவன் பையில் பூச்சி மருந்து. கத்தி இல்லாதவனைக் கொலைகாரன் என்று சொல்ல முடியுமா? தெளிக்கிற பி.டி.யிடம் அந்த இரண்டு வளையங்களும் இல்லை. வளையம் கைமாறுவது இயற்கையில் அபூர்வமாக நடந்திருக்கிறது. ஐவரி கோஸ்ட்டின் தாய் காட்டில் சிம்பன்சிகளைக் கொன்றது, ஆந்த்ராக்ஸின் வளையங்களைச் சுமந்த சீரியஸ் வகைக் கிருமி. ஆனால் கைமாற வேண்டுமென்றால், கொடுப்பதற்கு ஆந்த்ராக்ஸ் முதலில் அங்கே இருக்க வேண்டும்.

2001-இல் அமெரிக்காவில் கடித உறைக்குள் ஆந்த்ராக்ஸ் பொடியை அனுப்பினார்கள். 22 பேருக்கு நோய், 5 பேர் இறந்தார்கள். ஒரு வெள்ளைப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று உடன்பிறப்புகளில் இது எவன் என்று உடனே சொல்ல வேண்டிய அவசரம் வந்தது. அப்போதுதான் பலருடைய கண் வித்தின் சட்டை மேல் விழுந்தது.

வித்தைத் தேங்காய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பருப்பு, சுற்றிலும் ஓடு, அதற்கும் வெளியே ஒரு மட்டை. இந்தக் குடும்பத்துக்கு அந்த மட்டை தொளதொள என்று ஒரு பைபோல இருக்கும். அதன் மேல் பூனைமுடிபோல அடர்த்தியான ரோமம். நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளம்கூட வராது, மின்னணு நுண்ணோக்கியில்தான் தெரியும். 2002-இல் பாரிசின் பாஸ்டர் நிலையத்தில் இந்த ரோமம் எதனால் ஆனது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு புரதம். அதுவும் நம் தோலிலும் மூட்டிலும் இருக்கிற கொலாஜனைப்போல முறுக்கிய புரதம். பி.சி.எல்.ஏ. என்று பேர் வைத்தார்கள். அந்தப் புரதக் கயிறு முழுக்கச் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. சர்க்கரை என்றதும் எறும்பு மொய்க்குமா என்று கேட்காதீர்கள். காப்பியில் போடும் சீனியின் தூரத்து உறவு, அவ்வளவுதான்.

2004-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் அந்தச் சர்க்கரைச் சங்கிலியைக் கழற்றிப் பார்த்தார்கள். மூன்று ராம்னோஸ், நுனியில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு புதிய சர்க்கரை. ஆந்த்ரோஸ் என்று பேரிட்டார்கள். ஆந்த்ராக்ஸுக்கு மட்டுமே உள்ள அங்க அடையாளம் என்று பெரும் மகிழ்ச்சி. சூரிச்சில் அந்த நான்கு சர்க்கரைச் சங்கிலியைச் சோதனைக் குழாயில் செயற்கையாகவே செய்தார்கள், அதைப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குவதற்கு. ஆனால் அடையாளம் அவ்வளவு சுத்தமாக இல்லை. கூடப்பிறந்த சீரியஸ், பி.டி. வகைகள் சிலவற்றிலும் ஆந்த்ரோஸ் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஆந்த்ராக்ஸ் வகைகள் சிலவற்றில் அது இல்லவே இல்லை. சட்டையை மட்டும் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது, பையையும் சோதிக்க வேண்டும் என்றானது. இன்று வளையங்களில் உள்ள மரபணுவைத் தேடும் சோதனைதான் முடிவு சொல்கிறது.

அப்படியானால் அந்தச் சர்க்கரைச் சட்டை எதற்கு? எல்லாம் தெரிந்துவிடவில்லை. தெரிந்ததில் ஒன்று நம் வீட்டுக்குள் வருகிறது.

நான் அக்காவிடம் கேட்டேன். "திங்கட்கிழமை மருந்தடிக்கிறது இருக்கட்டும். இன்னிக்கு வீட்டுல என்ன சமையல்?"

"காலையில வடிச்ச சோறு இருக்கு. மருமகன் நைட் ஷிப்டு, ராத்திரி அதையே நாசி கோரெங் போட்டுத் தாபாவ் கட்டிக் கொடுத்துடுவேன்."

மூன்றாவது உடன்பிறப்பு சீரியஸ் இருக்கிறதே, அது இருப்பது இங்கேதான். வயல் மண்ணில் உண்டு, அரிசியில் உண்டு. தஞ்சோங் காராங் அரிசியானாலும் தாய்லாந்து அரிசியானாலும் வித்தோடுதான் வீட்டுக்கு வரும். கொதிக்கிற உலையில் மற்ற கிருமிகள் சாகும், வித்து சாகாது. அடுப்பை அணைத்து, சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது அதற்கு விழிப்பு வருகிறது. போட்டிக்கு வேறு கிருமி இல்லை, சாப்பாடு நிறைய இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் சில மணி நேரத்தில் பெருகி, செரூலைட் என்ற நஞ்சை விடுகிறது. இதைச் சட்டியில் போட்டு எவ்வளவு பிரட்டினாலும் அழியாது. 121 பாகை சூட்டில் ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வாந்தி. பெரும்பாலும் ஒரே நாளில் சரியாகிவிடும். ஆனால் 2008-இல் பெல்ஜியத்தில், ஐந்து நாள் சமையலறையிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடு பண்ணிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை. 1970களில் இங்கிலாந்தில் சீனர் கடை வறுத்த சோற்றால் பலர் வாந்தியெடுத்தபோதுதான் இந்தக் கதை உலகத்துக்குத் தெரிய வந்தது. இதில் கடைக்காரரின் இனத்துக்குப் பங்கில்லை. வடித்த சோற்றை அடுப்படியில் ஆறப்போட்டு வைக்கிற யாருக்கும் வரும்.

சர்க்கரைச் சட்டை இங்கேதான் வேலை காட்டுகிறது. அந்த ரோமம் தண்ணீரை விலக்கும் தன்மை கொண்டது. அதனால் சில்வர் பாத்திரம், சோற்றுப் பானை, கரண்டி போன்ற எஃகுப் பரப்பில் வித்து ஒட்டிக்கொள்ளும். பிரான்சில் சீரியஸ் வித்தின் இந்தச் சர்க்கரைப் புரதங்களை மாற்றிப் பார்த்தபோது, எஃகில் ஒட்டும் தன்மையும் மாறியது. தண்ணீரில் அலசி மட்டும் வைத்தால் போகாது. சோப்பு போட்டு, அழுத்தித் தேய்த்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். ரைஸ் குக்கரின் மூடி விளிம்பில், கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கும் இடத்தை ஒருநாள் விரலால் தொட்டுப் பாருங்கள்.

சோறு மிஞ்சினால், அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். சுடச்சுட வைத்தால் பெட்டி கெட்டுவிடும் என்று மாலை வரை வெளியே வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. சூடாகவே வைக்க வேண்டுமென்றால் குக்கர் 60 பாகைக்கு மேல் காக்க வேண்டும். கோயில் அன்னதானத்துக்கும் இதுதான் கணக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு ஆக்கிய மீகூனை மதியம் ஒரு மணிக்குப் பொட்டலமாகக் கொடுப்பது புண்ணியத்தில் சேருமா என்று நிர்வாகத்தார் யோசிக்கலாம். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சுகாதார அமைச்சு சொல்வதும் இதற்காகத்தான்.

பி.டி.யைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சாதாரணச் சோதனையில் பி.டி.யும் சீரியஸும் ஒன்றுபோலத்தான் தெரியும். படிகம் செய்யும் வளையத்தை இழந்தால் பி.டி.யைச் சீரியஸிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இதைப் பரிசீலித்தது. இந்தக் குடும்பக் கிருமியால் வந்த நோய்களில் பெரும்பாலானவை, ஒரு கிராம் உணவில் ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி இருந்தபோது வந்தவை என்றது. ஓலையில் தெளித்தது அந்த அளவுக்கு நம் வயிற்றுக்குள் வர வழியில்லை, செம்பனை ஓலையை நாம் தின்பதும் இல்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் போட்டிருக்கும் முருங்கையிலும் பயிற்றங்காயிலும் சாரல் விழும். கழுவிச் சமைக்க வேண்டும். கலந்து அடிக்கிறவர் முகக்கவசமும் கண்ணாடியும் போட வேண்டும். இயற்கை மருந்துதானே என்று வெறும் முகத்தோடு ஆளை அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்த மருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று லயத்து மக்களுக்கு அவர்கள் மொழியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அக்காவுக்கு விஷயம் வந்து சேர்ந்தது டீக்கடைப் பேச்சில்.

அக்கா கிள்ளானுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலை தண்ணீர்த் தொட்டியை மூடி, கொடியில் கிடந்த துணியை எடுத்து, பேத்தியோடு கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார். சாயந்திரம் அழைத்தார்.

"அடிச்சிட்டுப் போயிட்டாங்க தம்பி. நாத்தம்கூட இல்ல. அன்னிக்கு ராத்திரி அந்தச் சோத்தை என்ன பண்ணேன் தெரியுமா? கோழிக்குப் போட்டுட்டேன். மருமகனுக்குப் புதுசா ஒரு டின் அரிசி வடிச்சேன். கோழிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கோழிகள் நன்றாக இருக்கின்றன என்று நேற்று குறுஞ்செய்தி வந்தது.